கிக்கரை உதைக்க முதல் மூடியைத் திறந்து பாருங்கள்

வாசகர் கேள்வி – பதில்

நல்லூர்க் கொடியேற்றம் நெருங்கினால் கொழும்பிலிருந்து வடக்கே பைக்கில் கிளம்புகிற கூட்டம் ஒன்று இருக்கிறது. அதனாலோ என்னவோ இந்த முறை வந்த கேள்விகளில் முக்கால்வாசி நடுவழியில் நின்றுபோவதைப் பற்றித்தான். மற்றவற்றை அடுத்த இதழுக்கு ஒதுக்கி வைத்துவிட்டு இவற்றை மட்டும் எடுத்துக்கொள்கிறேன்.

கேள்வி: என்னுடையது 150 சிசி பைக், கார்புரேட்டர் உள்ளது. போன முறை யாழ்ப்பாணம் போகும்போது புத்தளம் தாண்டி நொச்சியாகமவுக்குக் கிட்ட இழுவை குறைந்து குறைந்து நின்றுவிட்டது. பத்து நிமிடம் நிழலில் நின்றுவிட்டு உதைத்தேன், எடுத்தது. பிறகு மதவாச்சி தாண்டி ஒரு தரம், ஓமந்தையில் ஒரு தரம். கொழும்பில் கராஜில் காட்டினால் ஒரு பிழையும் இல்லை என்கிறார்கள். கொழும்புக்குள் ஓடும்போது உண்மையிலேயே ஒரு பிழையும் இல்லை. என்ன செய்வது?
– வெள்ளவத்தை வாசகர்

பதில்: கராஜ்காரர் பொய் சொல்லவில்லை. அவர் பார்த்தபோது பிழை இருந்திருக்காது. வெள்ளவத்தையிலிருந்து கோட்டைக்குப் போய் வருகிற ஓட்டத்தில் காட்டாத சில கோளாறுகள் இருக்கின்றன, நாற்பது ஐம்பது கிலோமீற்றர் நிற்காமல் ஒரே வேகத்தில் ஓடினால்தான் அவை வெளியே வரும். நீங்கள் எழுதியிருப்பதில் எனக்குப் பிடித்தது "இழுவை குறைந்து குறைந்து" என்கிற அந்தச் சொல். டக்கென்று சுவிட்சை அணைத்ததுபோல நின்றிருந்தால் நான் மின்சாரப் பக்கம் போயிருப்பேன். மூச்சு வாங்கி நின்றால் முதல் சந்தேகம் பெற்றோல்மேல்தான்.

தாங்கியிலிருந்து பெற்றோல் இறங்க இறங்க அந்த இடத்துக்குக் காற்று உள்ளே போகவேண்டும். அதற்காக மூடியில் ஒரு சின்னத் துளை வைத்திருக்கிறார்கள். தூசியும் துருவும் சேர்ந்து அது அடைபட்டால் உள்ளே காற்று இல்லாமல் பெற்றோல் இறங்க மறுக்கும், பெற்றோலையும் காற்றையும் கலந்து எஞ்சினுக்குக் கொடுக்கிற கார்புரேட்டரின் கிண்ணம் வற்றும், பைக் நிற்கும். நீங்கள் பத்து நிமிடம் நிழலில் நிற்கிற நேரத்தில் எங்காவது இடுக்கால் கொஞ்சம் காற்றுக் கசிந்து உள்ளே போய்விடுகிறது, கிண்ணம் நிரம்புகிறது, உதைத்தால் எடுக்கிறது. அடுத்த இருபது முப்பது கிலோமீற்றரில் பழையபடி. கொழும்புக்குள் சந்திக்குச் சந்தி நின்று நின்று போவதால் அவ்வளவு வேகமாகப் பெற்றோல் குடிப்பதில்லை, அதனால் தெரிவதும் இல்லை.

இன்னொன்று கேட்கிறேன், தாங்கியின்மேல் பை ஏதும் வைத்துக் கட்டினீர்களா? அல்லது மழைக் கோட்டை மடித்துச் செருகினீர்களா? நல்ல மூடியையும் அது அடைத்துவிடும். ஊருக்குப் போகும்போது மட்டும் வருகிற நோய் என்றால் ஊருக்குப் போகும்போது மட்டும் கட்டுகிற சாமானைப் பாருங்கள்.

அடுத்த முறை நின்றால் கிக்கரைத் தொடாதீர்கள். ஓரமாக எடுங்கள், பத்து நிமிடம் காத்திருக்கவும் வேண்டாம், உடனே மூடியைத் திறவுங்கள். 'ஸ்ஸ்' என்று காற்று உள்ளே இழுபட்டு, அடுத்த நிமிடமே பைக் ஸ்டார்ட் ஆனால் காரணம் பிடிபட்டுவிட்டது. மெல்லிய கம்பியால் அந்தத் துளையைக் குத்தி, வாயால் ஊதிப் பார்த்துவிட்டு ஓடலாம். துளை திறக்காவிட்டாலும் பரவாயில்லை, இருபது கிலோமீற்றருக்கு ஒரு தரம் நிறுத்தி மூடியைத் திறந்து மூடினால் யாழ்ப்பாணம் வரைக்கும் போய்ச் சேரலாம். திறக்கும்போது பக்கத்தில் சிகரெட் பிடிக்கிறவரைத் தூரப் போகச் சொல்லுங்கள், சூடான எஞ்சின்மேல் பெற்றோல் சிந்தவும் விடாதீர்கள்.

மூடியைத் திறந்தும் எடுக்கவில்லை என்றால் அப்போதுதான் பொறி தருகிற ஸ்பார்க் பிளக்கைப் பாருங்கள். பையில் இருக்கிற புதுப் பிளக்கை எடுத்து, கழற்றிய பிளக் தொப்பிக்குள் செருகி, அதன் உலோக உடம்பு எஞ்சினின் வெறும் உலோகத்தில் படும்படி வையுங்கள், தொப்பியை காய்ந்த துணியால் பிடித்துக்கொண்டு கிக்கரை உதைத்துப் பாருங்கள். நீலமாகப் பொறி விழவேண்டும். சூட்டில் பொறி இல்லை, ஆறியதும் வருகிறது என்றால் பொறி விழ வைக்கிற இக்னிஷன் கொயில் அல்லது பிக்அப் கொயில் சூடு தாங்கவில்லை என்று அர்த்தம், அதை வழியில் திருத்த முடியாது, மாற்றத்தான் வேண்டும். உங்களுடையது இரண்டு பிளக் உள்ள எஞ்சின் என்றால் இரண்டையும் பாருங்கள், அந்த வகையில் ஒன்று செத்தாலும் பைக் ஓடும், ஆனால் சோம்பேறித்தனமாக ஓடும்.

சிரிக்காமல் கேளுங்கள்: இதற்கெல்லாம் முதல் வலதுகைப் பக்கத்தில் எஞ்சினை அணைக்கிற சிவப்புச் சுவிட்சைப் பாருங்கள், பெற்றோல் குழாயை ரிசேர்வுக்குத் திருப்பிப் பாருங்கள். பையின் வார் பட்டு அந்தச் சுவிட்ச் அணைந்திருக்க, பட்டா என்கிற சின்ன லொறியைப் பிடித்துப் பைக்கை ஏற்றி, இறக்குகிற இடத்தில் ஒரு சின்னப் பையன் வந்து சுவிட்சைத் தட்டிவிட்டு ஓட்டிக் காட்டிய கதையெல்லாம் கராஜ்களில் தாராளமாகக் கிடைக்கும்.

ஓகஸ்டில் போக முதல் ஒரு வேலை செய்யுங்கள். ஒரு வெயில் நாளில், அதே பையை அதே மாதிரிக் கட்டிக்கொண்டு, சிலாபம் வரைக்கும் நிற்காமல் போங்கள். எண்பது கிலோமீற்றர்தான். நின்றால் அங்கேயே நின்றுவிடும், வில்பத்துக் காட்டோரத்தில் நிற்பதைவிட அது எவ்வளவோ மேல். சேர்விஸ் செய்வதென்றால் அதையும் பயணத்துக்கு முதல்நாள் செய்யாதீர்கள், பத்து நாளைக்கு முதலே செய்துவிட்டு ஊருக்குள் ஓடுங்கள். நான் கேள்விப்படுகிற வழிக் கோளாறுகளில் கணிசமானவை புதிதாகக் கழற்றிப் பூட்டிய இடத்திலிருந்துதான் வருகின்றன: இறுக்கப்படாத ஆணி, சரியாகச் செருகாத வயர், கூட இறுக்கிவிட்ட செயின்.

கேள்வி: மாங்குளத்துக்குக் கிட்ட கிளட்ச் கேபிள் அறுந்து, பைக்கை பட்டாவில் ஏற்றி வவுனியாவுக்குக் கொண்டுவந்தேன். கூலியைச் சொன்னால் அழுவீர்கள். வேறு வழி இருந்ததா?
– கொட்டாஞ்சேனை வாசகர்

பதில்: இருந்தது தம்பி, ஓட்டிக்கொண்டே வந்திருக்கலாம். கிளட்ச் இல்லாமலும் பைக் ஓடும். நியூட்ரலில் ஸ்டார்ட் பண்ணி, காலால் உந்தியோ பின்னாலிருப்பவரைத் தள்ளச் சொல்லியோ நடக்கிற வேகத்துக்குக் கொண்டுவந்து, முதல் கியரைத் தட்டுங்கள். ஒரு குலுக்குக் குலுக்கும், பிறகு ஓடும். மேல் கியருக்குப் போக, கால் விரலால் கியர் லீவரை மெல்ல அழுத்திப் பிடித்துக்கொண்டே எக்ஸலேட்டரை ஒரு கணம் விட்டால் போதும், தானாக விழும். கியர் இறக்குவதுதான் கொஞ்சம் முரண்டு பிடிக்கும், அதனால் மூன்றாம் கியரில் ஏறிவிட்டால் அதிலேயே இருங்கள். நிறுத்தவேண்டி வந்தால் வேகத்தைக் குறைத்து முதலே நியூட்ரலுக்கு வாருங்கள், முடியாவிட்டால் பிரேக்கைப் பிடித்துக்கொண்டு சிவப்புச் சுவிட்சை அணையுங்கள். ஏ9 வீதியில் இது சரிவரும், வவுனியா டவுனுக்குள் ஒருபோதும் வேண்டாம், ஊர் எல்லையில் கண்ட முதல் கராஜில் நிறுத்திவிடுங்கள்.

ஆனால் இந்த வித்தையெல்லாம் தேவைப்படாமல் செய்ய ஒரு சுலபமான வழி இருக்கிறது. புதுக் கிளட்ச் கேபிள் ஒன்றை வாங்கி, பழையதன் பக்கத்திலேயே அதே வளைவில் ஓடவிட்டு, கேபிள் ரையால் கட்டிவிடுங்கள். இரண்டு முனையிலும் மழைத்தண்ணீர் போகாமல் கறுப்பு ரேப் சுற்றுங்கள். அறுந்தால் முனைகளை மாற்றிக் கொளுவுவதுதான் வேலை, தாங்கியைக் கழற்றவோ வயர்களுக்குள் கைவிடவோ தேவையில்லை. கொளுவியபின் லீவர் அடியில் இரண்டு மூன்று மில்லிமீற்றர் ஆட்டம் விடுங்கள், ஹாண்டிலை இரண்டு பக்கமும் முழுதாகத் திருப்பி இழுபடுகிறதா என்று பாருங்கள்.

கேபிள் சொல்லாமல் அறுவதும் இல்லை. லீவருக்குள் போகிற இடத்தில் உருண்டை ஈயமுனை ஒன்று இருக்கும், அதன் கழுத்தில்தான் இழை இழையாக அறுந்துகொண்டு வரும். ரோச் அடித்துப் பாருங்கள், ஒரு இழை மயிர்போல வெளியே நீட்டிக்கொண்டு நின்றாலும் மாற்றிவிடுங்கள். கிளட்ச் பிடிக்கும்போது கையில் கரகரவென்று தெரிந்தாலும் அதே கதைதான்.

கேள்வி: கட்டுநாயக்க அதிவேகப் பாதையால் போனால் நேரம் மிச்சம் பிடிக்கலாமா?
– மட்டக்குளி வாசகர்

பதில்: இலங்கையில் எந்த அதிவேகப் பாதையிலும் மோட்டார் சைக்கிளுக்கு அனுமதி இல்லை. வத்தளை, ஜா-எல, நீர்கொழும்பு வழியேதான். விடிய நாலரைக்குக் கிளம்புங்கள், மிச்சம் தானாக வரும்.

கேள்வி: நான் ஸ்கூட்டரில் தனியாக மட்டக்களப்புக்குப் போக நினைக்கிறேன், அம்மா வீடு அங்கேதான். வீட்டில் எல்லோரும் "வழியில் நின்றால் என்ன செய்வாய்" என்ற ஒரே கேள்வியைக் கேட்டு வாயை அடைக்கிறார்கள். நீங்களே சொல்லுங்கள், நின்றால் என்ன செய்வது?
– தெகிவளை வாசகி

பதில்: அந்தக் கேள்வியை மகன் போகும்போதும் கேட்கிறார்களா என்று வீட்டில் கேட்டுப் பாருங்கள் தங்கச்சி, அது உங்கள் வீட்டு விஷயம், நான் ஸ்கூட்டரைப் பற்றிச் சொல்கிறேன்.

ஸ்கூட்டரில் செயின் இல்லை, கிளட்ச் கேபிள் இல்லை, அதனால் வழியில் உடைகிற சாமான் பைக்கைவிடக் குறைவு. ஆனால் உள்ளே ஒரு ரப்பர் பெல்ட் ஓடுகிறது. அது அறுந்தால் எஞ்சின் உறுமும், சக்கரம் சுற்றாது, வீதியோரத்தில் நீங்களும் நானும் செய்ய ஒன்றும் இல்லை. எடுக்கும்போது ஒரு நடுக்கம், எக்ஸலேட்டரைத் திருகச் சத்தம் ஏறுகிறது ஆனால் வேகம் ஏறவில்லை, ரப்பர் கருகிய மணம், இதில் எது இருந்தாலும் போக முதல் கராஜில் பெல்ட் பெட்டியைத் திறந்து பார்க்கச் சொல்லுங்கள். கைநூலில் பெல்ட் மாற்றவேண்டிய கிலோமீற்றர் போட்டிருக்கும், அதைக் கிட்ட நெருங்கியிருந்தால் இப்போதே மாற்றிவிட்டு, கழற்றிய பழையது வெடிப்பில்லாமல் இருந்தால் சீற்றுக்குக் கீழே போட்டுக்கொள்ளுங்கள். சின்ன ஊர்க் கராஜில் உங்கள் மொடலுக்குப் பெல்ட் இருக்காது, ஆனால் பெல்ட்டை நீங்கள் கையில் கொடுத்தால் கராஜ் பாஸ் மாட்டித் தந்துவிடுவார்.

வழி குருநாகல், தம்புள்ளை, ஹபரணை, பொலன்னறுவை, வெலிக்கந்தை, வாழைச்சேனை. முந்நூறு கிலோமீற்றருக்கு மேல். இதில் தம்புள்ளையிலும் பொலன்னறுவையிலும் கராஜுக்குப் பஞ்சமில்லை. ஹபரணையிலிருந்து மின்னேரியா வரைக்கும், அப்புறம் வெலிக்கந்தையிலிருந்து புனானை வரைக்கும் யானை கடக்கிற பகுதி. பின்னேரம் நாலு மணிக்குப் பிறகு அங்கே இருக்கக்கூடாது, கணக்கை இங்கிருந்து கிளம்பும்போதே போட்டுக்கொள்ளுங்கள். ஹபரணையில் சாப்பிடும்போது நேரம் பிந்திவிட்டதென்று தெரிந்தால் அங்கேயே தங்கிவிடுவதுதான் கெட்டித்தனம்.

அந்தத் துண்டுகளில் நின்றால் ஸ்கூட்டரைத் தள்ளிக்கொண்டு நடக்கவேண்டாம், பற்றைக்குக் கிட்ட நிற்கவும் வேண்டாம். ஓரத்தில் விட்டுப் பூட்டி, வருகிற பஸ்ஸை மறியுங்கள். யானை கண்ணுக்குத் தெரிந்தால் பூட்டவும் நிற்காதீர்கள், எந்த வாகனம் வந்தாலும் ஏறுங்கள். ஸ்கூட்டரைப் பிறகு வந்து எடுக்கலாம். பகலென்றால் அடுத்த பொலிஸ் காவலரணிலோ கடையிலோ சொன்னாலே ஒரு பட்டாவைக் கூப்பிட்டுத் தருவார்கள். பொலிஸ் 119, விழுந்து அடிபட்டால் 1990 அம்புலன்ஸ், இரண்டும் போனில் சேமித்திருக்கட்டும். வீட்டாருக்கு ஊர் ஊராகச் செய்தி போடுவதாகச் சொல்லுங்கள், காட்டுப் பகுதியில் சிக்னல் விட்டுவிட்டுத்தான் வரும், லொகேஷன் நகரவில்லை என்று அவர்கள் பதறிப்போகக்கூடாது.

ஸ்கூட்டர் அறவே ஓடாது என்ற நிலை வந்தால் மட்டக்களப்பு ரயில் பாதை பொலன்னறுவை, வெலிக்கந்தை, வாழைச்சேனை வழியாகத்தான் போகிறது என்பதை நினைவில் வையுங்கள். பெரிய நிலையங்களில் மோட்டார் சைக்கிளைப் பொதியாக ஏற்றுவார்கள், தாங்கியிலுள்ள பெற்றோலை வடிக்கச் சொல்வார்கள். நிலையத்துக்குப் போன் எடுத்து, எந்த ரயிலில் ஏற்றுவார்கள் என்று கேட்டுவிட்டுக் கொண்டுபோங்கள்.

கேள்வி: பயணத்துக்கு என்னென்ன ஆயுதம் கொண்டுபோகவேண்டும்? நான் பெரிய சொக்கட் செட் ஒன்று வாங்கியிருக்கிறேன்.
– கிராண்ட்பாஸ் வாசகர்

பதில்: அதை வீட்டில் வையுங்கள். ஒரு ஞாயிற்றுக்கிழமை உங்கள் பைக்குடன் வந்த ஆயுதப் பையை மட்டும் எடுத்துக்கொண்டு மூன்று வேலை செய்து பாருங்கள்: பிளக்கைக் கழற்றிப் பூட்டுங்கள், பற்றரி முனைகளைக் கழற்றிப் பூட்டுங்கள், பின் சக்கரத்தை இறக்கி ஏற்றுங்கள். எதற்கு ஸ்பனர் பத்தவில்லையோ அதை மட்டும் வாங்கிச் சேர்த்தால் போதும். பின் சக்கர அச்சு ஆணிதான் பெரும்பாலும் பிரச்சினை, கராஜில் காற்றுத் துப்பாக்கியால் இறுக்கியதை நாம் கையால் அசைக்க முடியாது. அப்படியென்றால் தளர்த்தி, அளவாக இறுக்கி வைத்துக்கொள்ளுங்கள்.

மற்றபடி ஒரு பிளக், கிளட்ச் கேபிள், எக்ஸலேட்டர் கேபிள், செயின் லொக் (செயினின் இரண்டு முனையையும் இணைக்கிற கண்ணி) ஒன்று, இரண்டு மூன்று ஃபியூஸ், ஒரு முழம் வயர், கறுப்பு ரேப், நெற்றியில் கட்டுகிற லைட். செயின் லொக்கின் கிளிப்பைப் போடும்போது மூடிய பக்கம் செயின் ஓடுகிற திசையைப் பார்க்கவேண்டும், திறந்த வாய் பின்னுக்கு, மாறிப் போட்டால் ஏதாவது தட்டுப்பட்டுக் கழன்றுவிடும். ஃபியூஸ் எரிந்தால் அதே இலக்கமுள்ள ஃபியூஸ்தான். சிகரெட் பெட்டித் தாளைச் சுருட்டி வைக்கிற பழைய வைத்தியம் வேண்டாம், ஃபியூஸுக்குப் பதில் வயர் எரியும்.

பஞ்சிகாவத்தை உதிரிப்பாகக் கடைகளில் வாங்குவதென்றால் வாயால் மொடலைச் சொல்லாதீர்கள், பழைய சாமானைக் கழற்றிக் கையில் கொண்டுபோங்கள். 2020இல் வாகன இறக்குமதியை நிறுத்தி 2025 தொடக்கத்தில்தான் திரும்பத் திறந்தார்கள், அதற்கிடையில் எல்லோரும் பழைய பைக்கையே ஓட்டி ஓட்டி, ஒரே பெட்டி ஒரே ஸ்டிக்கரில் நல்ல சாமானும் வந்தது, வாயில் போட முடியாததும் வந்தது. வாங்கியதைப் பைக்குள் போட முதல் ஒரு தரம் பூட்டிப் பாருங்கள். ஈயமுனை லீவருக்குள் இறங்காத கேபிளை மாங்குளத்தில் வைத்துக் கண்டுபிடித்து என்ன பயன்?

கேள்வி: புது இன்ஜெக்ஷன் பைக்கை பற்றரி இறங்கினால் தள்ளி ஸ்டார்ட் பண்ண முடியாது என்கிறார்களே?
– பம்பலப்பிட்டி வாசகர்

பதில்: பாதி உண்மை. கார்புரேட்டர் இல்லாத இந்தப் பைக்கில் பெற்றோலை மின்சாரப் பம்ப்தான் தள்ளுகிறது. சாவியைத் திருப்பும்போது மீற்றர் லைட் வந்து, தாங்கிக்குள் இரண்டு விநாடி 'ம்ம்' என்று பம்ப் சத்தம் கேட்டால், இரண்டாம் கியரில் தள்ளுங்கள், எடுக்கும். ஒன்றுமே இல்லை என்றால் பம்ப் சுற்றாது, எவ்வளவு தள்ளினாலும் வியர்வைதான் மிச்சம். கூட வருகிற பைக்கின் பற்றரியோடு இரண்டு வயரால் இணைத்து எடுங்கள், சிவப்புக்குச் சிவப்பு, கறுப்புக்குக் கறுப்பு. எடுத்தபின் பற்றரியைக் குறை சொல்ல முதல் எஞ்சின் ஓடும்போது வோல்ட் மீற்றரைப் பற்றரியில் வைத்துப் பாருங்கள், பதின்மூன்றரைக்கும் பதினாலரைக்கும் இடையில் வோல்ட் காட்டவேண்டும். காட்டாவிட்டால் பற்றரிக்குச் சார்ஜ் ஏற்றுகிற ரெக்டிஃபயர் பக்கம் பிழை, புதுப் பற்றரி போட்டாலும் அநுராதபுரத்தில் அதுவும் இறங்கும்.

கேள்வி: ரியூப் ரயரா, ரியூப்லெஸ்ஸா, தூரப் பயணத்துக்கு எது நல்லது?
– வத்தளை வாசகர்

பதில்: ரியூப்லெஸ். ஆணி ஏறினாலும் காற்று மெல்லத்தான் இறங்கும், ஓட்டையில் ரப்பர் குச்சி குத்தி ஐந்து நிமிடத்தில் அடைக்கலாம். குச்சியும் சின்னப் பம்பும் கையில் இல்லாவிட்டால் ஆணியைப் பிடுங்காமல் அப்படியே அடுத்த கடை வரைக்கும் மெல்லப் போங்கள், பிடுங்கினால் மிச்சக் காற்றும் போகும். கம்பிச் சக்கரமும் ரியூப்பும்தான் உங்களிடம் இருக்கிறதென்றால் புது ரியூப் ஒன்று கையில் இருக்கட்டும், ஒட்டுவதை ஊரில் போய்ச் செய்யலாம்.

கேள்வி: முறிகண்டிப் பிள்ளையாருக்குத் தேங்காய் உடைத்துவிட்டுப் போனால் பைக் நிற்காது என்று அப்பா சொல்கிறார். உங்கள் கருத்து?
– கொள்ளுப்பிட்டி வாசகர்

பதில்: அப்பா சொல்கிறார், உடையுங்கள். ஆனால் எஞ்சினை அணைத்துவிட்டு உடையுங்கள், உடைத்துவிட்டுக் கச்சானும் வாங்குங்கள். ஒயில் மட்டம் பார்க்க எஞ்சின் அணைந்து ஐந்து நிமிடமாவது ஆகவேண்டும், ஒயில் எல்லாம் கீழே இறங்கவேண்டும், முறிகண்டியில் அந்த வேலைக்குச் சரியான நேரம் போகும். திரும்பி வந்து பைக்கை நேராக நிமிர்த்திப் பிடித்து எஞ்சினிலுள்ள ஒயில் கண்ணாடியில் மட்டத்தைப் பாருங்கள், செயினையும் விரலால் ஒரு தரம் தூக்கிப் பாருங்கள், இரண்டு மூன்று சென்ரிமீற்றருக்கு மேல் ஆடினால் கிளிநொச்சியில் நிறுத்தி இறுக்கிவிட்டுப் போங்கள்.